தவளைக்குக் கைராசி தெரியாது

என் நாத்தனாருக்குக் கைராசி உண்டு என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். எனக்கு இல்லை என்றும் நம்புகிறார்கள். இரண்டாவது நம்பிக்கைதான் கொஞ்சம் அதிக உறுதியானது. அவள் ஒடித்து நட்ட குச்சி பூக்கிறது. நான் உரம் போட்டு, வெயில் பார்த்து, வேளை தவறாமல் தண்ணீர் விட்ட செடி பத்தாம் நாள் தலையைத் தொங்கப் போட்டுவிடுகிறது. "அண்ணி, நீங்க அதைக் கவனிக்காம இருந்தாலே பொழச்சுக்கும்" என்று மாடியிலிருந்து குரல் கொடுப்பாள். அவளும் அவள் கணவரும் மாடியில் குடியிருக்கிறார்கள். நாங்களும் மாமனாரும் கீழே.

மாமனார் பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவருக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுக் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். அதிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை உள்ளே குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். இதுவரை திரும்பி வரவில்லை. இதில் டாக்டருக்கோ மருந்துக்கோ பங்கு எதுவும் கிடையாது. காலை ஏழரை, மாலை ஏழரை, மகள் தன் கையால் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள் அல்லவா, அதுதான் காரணம். அவள் வர முடியாத நாளில் நான் நீட்டினால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். வாங்கிப் போட்டுக்கொள்வார். ஆனால் அதற்குப் பிறகு அரை மணி நேரம் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"மருமகளே, உம்மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. உன் கைமேலதான்" என்பார்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே பொறுத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே என்பது பொய், பல்லைக் கடித்துக்கொண்டு. எப்படியோ, வீட்டோடு போகிறது என்று விட்டிருந்தேன். அந்தக் கைராசி ஒரு நாள் என் பின்னாலேயே பஸ் ஏறி ஆராய்ச்சிக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அங்கேதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாத்தனாரும் அதே கூடத்தில்தான் வேலை செய்கிறாள், டெக்னீஷியனாக. சொல்லப்போனால் அவள்தான் அங்கே எனக்கு முன்னால் வந்தவள். நான் சேர்ந்த மூன்றாம் மாதம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கண்ணன் ஒருத்தர் இருக்காரு" என்று ஆரம்பித்தாள். பதினான்கு வருஷம் ஆகிறது. என் கணவரோடு எனக்குச் சண்டை வராத மாதங்களை எல்லாம் அவள் தன் கைராசிக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்கிறாள்.

என் வேலை புற்றுநோய்ச் செல்களைத் தீனி போட்டு வளர்ப்பது, வளர்ந்தபின் கொல்வது. கொல்ல நான் பயன்படுத்துவது தவளையிடமிருந்து கற்றுக்கொண்ட ஒரு பொருள். தவளை நாள் முழுக்கச் சேற்றில் கிடக்கிறது, ஆனாலும் அதன் தோலில் கிருமி எளிதில் குடியேறுவதில்லை. தோலில் சுரக்கும் சின்னஞ்சிறு புரதத் துண்டுகள் அதற்கு ஒரு காரணம். பெப்டைட் என்று சொல்வார்கள். அது கிருமியின் மேலுறையில் போய் ஒட்டி, ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை வெளியே கொட்ட வைத்துவிடும். அதில் சில வகைகள் புற்றுநோய்ச் செல்லையும் இதே கதிக்கு ஆளாக்குகின்றன. மந்திரம் ஒன்றும் இல்லை. அந்தத் துண்டுக்கு நேர் மின்னூட்டம். புற்றுநோய்ச் செல்லின் வெளிப்புறத்தில் நல்ல செல்லைவிட எதிர் மின்னூட்டம் அதிகம். நேரும் எதிரும் ஒட்டிக்கொள்ளும். நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதில் போய் ஒட்டுகிறது, அவ்வளவுதான் விஷயம்.

நாங்கள் உயிருள்ள தவளையைத் தொட்டதுகூட இல்லை. அந்தத் துண்டை இயந்திரத்தில் செய்து வெள்ளைப் பொடியாக வாங்குகிறோம். ஆனாலும் கூடத்தில் அதற்குப் பெயர் தவளைதான். "தவளை தீந்துடுச்சு", "தவளைய ஃப்ரிட்ஜ்ல வெச்சியா" என்றுதான் பேசிக்கொள்வோம். இதை வீட்டில் ஒரு தரம் போனில் பேசப்போக, மாமனார் காதில் வாங்கிக்கொண்டு, காலை நடையில் கூட வருகிறவர்களிடம் எல்லாம், "என் மருமக தவளைலேர்ந்து கேன்சருக்கு மருந்து எடுக்கறா" என்று சொல்லிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலாவது வீட்டுக்காரர் சாப்பாட்டு டப்பா ஒன்றைக் கொண்டுவந்து பவ்யமாக நீட்டினார். திறந்தால் உள்ளே ஒரு தவளை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. "தோட்டத்துல கெடச்சுது மேடம். நல்ல காரியத்துக்கு ஆகட்டும்" என்றார். அதை வாங்கிக்கொண்டு, பின்பக்கமாகப் போய் வாய்க்காலில் விட்டுவிட்டு வந்தேன்.

வேலை செய்கிறதா இல்லையா என்று பார்ப்பது நிறத்தை வைத்து. சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் செல்கள் இருக்கும். அதில் மருந்தை ஊற்றி, ஒரு நாள் விட்டு, மஞ்சள் நிறத்தில் ஒரு திரவம் சேர்ப்போம். செல் உயிரோடு இருந்தால் மஞ்சள் ஊதாவாக மாறும். செத்திருந்தால் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கும். புற்றுநோய்த் தட்டு மஞ்சளாகவும் நல்ல செல் தட்டு ஊதாவாகவும் இருந்தால் எங்களுக்கு அன்று கொண்டாட்டம்.

போன வருஷம் யார் போட்டாலும் கொண்டாட்டம்தான். அறிக்கை எழுதி, என் பெயரைப் போட்டு அனுப்பினேன். பிறகு புதுக் கட்டடத்துக்கு இடம் மாறினோம். மாறும்போது எல்லாமே மாறியது. தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் புதிது, செல்லைக் கதகதப்பாக வைத்திருக்கும் பெட்டி புதிது, உறைபெட்டியிலிருந்து உருக்கி எடுத்த செல்கள் புதிது, பொடியும் புதுப் பொடி. இதுதான் சாக்கு என்று நானும் என் பங்குக்குக் கூடத்தைச் சீர்திருத்தினேன். மருந்து கலக்கும் மங்கலான பழைய பிளாஸ்டிக் குப்பிகளைக் குப்பையில் போடச் சொன்னேன், பளபளவென்று கண்ணாடிக் குப்பிகள் வந்தன, அலமாரிகளுக்கெல்லாம் பெயர் ஒட்டினேன், நாற்காலிகளைக்கூட இடம் மாற்றினேன். வீட்டில் செய்ய முடியாததை எல்லாம் அங்கே செய்தேன்.

அதற்குப் பிறகு என் தட்டு மஞ்சளாகவே இல்லை. பதினோரு முறை போட்டேன், பதினோரு முறையும் ஊதா. புற்றுநோய்ச் செல்கள் என் தவளையைக் குடித்துவிட்டு நன்றாகக் கொழுத்திருந்தன. நாத்தனார் ஏழு முறை போட்டாள். ஏழு முறையும் மஞ்சள். பொடியை மாற்றினோம், தண்ணீரை மாற்றினோம், செல்களை மாற்றினோம். நான் ஊதா, அவள் மஞ்சள். ஆறு மாதம் இப்படியே ஓடிப்போயிற்று.

கூடம் முழுக்கச் செய்தி பரவியது. காவலாளி தன் மகள் பரீட்சைக்குக் கொண்டுபோகும் பேனாவை நாத்தனாரைத் தொடச் சொல்லி வாங்கிப் போனார். கணக்குப் பிரிவில் ஒருத்தி கல்யாண ஜாதகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். நாத்தனார் ராணி மாதிரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொடுத்தாள். இதையெல்லாம் கேட்டு மாமனாருக்குத் தரையில் கால் பாவவில்லை.

எங்கள் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் சராசரி. எதைச் சொன்னாலும் மூன்று முறை செய்து சராசரி கேட்பார். அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மேடம், உங்க பதினொண்ணையும் அவங்க ஏழையும் சேத்து சராசரி எடுத்துப் பாத்தேன். தவளை சுமாரா வேலை செய்யுது."

"சார், அப்படியெல்லாம் சராசரி எடுக்கக் கூடாது."

"எனக்கும் தெரியும். மனசு கேக்கல" என்று சொல்லிவிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார்.

எங்கள் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்த குழுவிலிருந்து ஒரு அம்மாள் நேரில் வருகிறார். ஒரு வாரம் இருந்து சரிபார்ப்பார். அறிக்கையில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கையால் முடிவு திரும்பி வர வேண்டும். வராவிட்டால் தவளைக் கோப்பை மூடிவிட்டு, என்னைக் குடிநீர்ச் சோதனைப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். குடிநீர் நல்ல விஷயம்தான். ஆனால் மாமனார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அந்த மூன்று வாரங்களில், அவர் கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் நான் இந்தத் திட்டத்தின் முதல் பக்கத்தை எழுதினேன்.

அன்று மாலை மாமனார் கேட்டார்: "அந்த அம்மா வந்து சரின்னு சொல்லிட்டா, மருந்து எப்பம்மா கடைக்கு வரும்?"

"இன்னும் எவ்வளவோ இருக்கு மாமா. ரத்தத்துக்குள்ள போனா தவளை சீக்கிரம் செதைஞ்சு போயிடுது. அளவு கூடினா நல்ல ரத்தச் செல்லையும் ஓட்டை போட்டுடுது. எலிக்குப் போட்டுப் பாக்கணும், அப்புறம்தான் மனுஷனுக்கு. பத்து வருஷம், பதினஞ்சு வருஷம் ஆகலாம். வராமலே போனாலும் போகலாம்."

"லேட்டா வந்த பஸ்ஸவிட வராத பஸ்ஸதான் நான் நிறைய பாத்திருக்கேன். இருந்தாலும் முதல்ல ஒருத்தன் ரூட்டு போடணும்ல. போடு, போடு" என்றார். பிறகு மகள் வந்துவிட்டாளா என்று வாசலைப் பார்த்தார். மணி ஏழு இருபத்தெட்டு.

சரிபார்க்கும் அம்மாள் வர மூன்று வாரம் இருந்தது. சராசரி கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நான் விஞ்ஞானி மேடம், கைராசியெல்லாம் நம்ப மாட்டேன். ஆனா அவங்க எந்தக் கையால போடறாங்கன்னு மட்டும் குறிச்சுக்கங்க" என்றார்.

வெட்கத்தை விட்டு நோட்டும் பேனாவுமாக நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் சிவப்பு ஸ்டூலில்தான் உட்காருவாள். ஆரம்பிக்கும் முன் டீ, பாதி டம்ளர், மீதியை வைத்துவிடுவாள். வளையலைக் கழற்றி மேஜையின் இடது ஓரத்தில் வைப்பாள். ஏதோ ஒரு ராகத்தை மூக்கால் முனகுவாள். அது என்ன ராகம் என்று அவளுக்கே தெரியாது. எல்லாவற்றையும் எழுதினேன். பொடியைக் கரைத்து நீர்க்கக் கலந்து அரை மணி நேரம் வைக்கும் கட்டம் வந்ததும், "அண்ணி, இதுக்கு மட்டும் திரும்பிக்கங்க. யாராச்சும் பாத்துட்டே இருந்தா எனக்குக் கை ஓடாது" என்றாள்.

"இதென்ன கூத்து?"

பின்னால் நின்றுகொண்டிருந்த சராசரி என்னைக் கையமர்த்தினார். "திரும்பிக்கங்க மேடம். ஒவ்வொருத்தருக்கும் ஒரு இது இருக்கும்."

திரும்பிக்கொண்டேன். இருபது வருஷம் படித்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அவள் தட்டு மஞ்சள்.

அடுத்த வாரம் நான் சிவப்பு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பாதி டீ குடித்தேன். வளையலைக் கழற்றி இடது ஓரத்தில் வைத்தேன். முனகினேன். ஜன்னல் வழியாகக் காவலாளி எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகப் போய்விட்டார். மறுநாள் தட்டைத் திறந்தால் ஊதா என்றால் ஊதா, அப்படி ஓர் ஊதாவை நான் பார்த்ததே இல்லை.

அம்மாள் வந்தார். ஒல்லியாக, சின்ன உருவம். நீங்கள் எதைச் சொன்னாலும் "அப்படியா?" என்பார். அதில் ஆச்சரியமும் இருக்காது, சந்தேகமும் இருக்காது. நாம்தான் பதறிப்போய் மேலும் மேலும் உளறிக்கொண்டிருப்போம். ஐந்தே நிமிஷத்தில் சராசரி அவரிடம் பதினொன்று, ஏழு, சிவப்பு ஸ்டூல் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டார்.

"இவங்க போட்டா வருது, நீங்க போட்டா வரல. அப்படியா?" என்று என்னைக் கேட்டார்.

"அப்படித்தாங்க ஆகுது."

"நாளைக்கு இது மருந்தாச்சுன்னா, ஒவ்வொரு டப்பாலயும் இவங்களையும் சேத்து வெச்சு அனுப்புவீங்களா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. நாத்தனார் மட்டும் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு புன்னகை செய்தாள்.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்து போடுங்க. நான் பாக்கறேன்" என்றார் அம்மாள். ஒரு பெரிய நாற்காலியை இழுத்து எங்கள் இருவருக்கும் நடுவில், முழங்கை இடிக்கிற தூரத்தில் போட்டுக்கொண்டார். நான் இரண்டு பேருக்கும் கண்ணாடிக் குப்பிகளை எடுத்து வைத்தேன். நாத்தனார் அந்தக் குப்பிகளைப் பார்த்தாள். பிறகு தன் மேஜையின் கீழ் இழுப்பறையைப் பார்த்தாள். பிறகு அம்மாளைப் பார்த்தாள். இவரிடம் திரும்பிக்கங்க என்று சொல்ல முடியாது. வேறு வழியில்லாமல் கண்ணாடிக் குப்பியை எடுத்தாள். அன்று முனகக்கூட இல்லை.

மறுநாள் இரண்டு தட்டும் ஊதா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவள் தட்டைப் பார்த்தவுடன் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். திட்டம் மூழ்கிக்கொண்டிருக்கிறது, நான் குடிநீர்ப் பிரிவுக்குப் போகப்போகிறேன், அந்த நேரத்திலும் உள்ளுக்குள் ஒரு குரல், 'எங்கே போச்சு உன் கைராசி?' என்று குதித்தது. என்னைப் பற்றி எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் ஒரு நிமிஷம் குதித்தது.

"அப்படியா" என்றார் அம்மாள் தட்டைப் பார்த்து. "வெள்ளிக்கிழமை மத்தியானம் கெளம்பறேன். அதுக்குள்ள ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க." அன்று புதன்கிழமை.

நாத்தனார் வேலை முடிவதற்குள்ளேயே வீட்டுக்குப் போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது மொட்டை மாடியில் தொட்டிகளுக்கு நடுவில் நின்று, ஏற்கெனவே தண்ணீர் நிரம்பி வழிகிற ஒரு தொட்டிக்கு இன்னும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"செடி செத்துடும்" என்றேன். வாழ்நாளில் முதல் முறையாக அதை நான் அவளிடம் சொன்னேன்.

"சாகட்டும் அண்ணி. என் கைல இருந்தது போயிடுச்சு."

"போனா போகுது, விடு. அப்படி ஒண்ணு இருந்தாத்தானே போகும்."

"உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். அடுத்த செவ்வாக்கிழமை அப்பாவுக்கு செக்கப். ஒவ்வொரு தடவையும் அந்த ரூம் வெளில உக்காந்து கதவையே பாத்துட்டிருப்பேன். நல்லா இருக்குன்னா என் கை ராசின்னு சொல்றீங்க. கட்டி திரும்பி வந்துடுச்சுன்னா? அதுவும் என் கையாலதான்னு ஆகும்ல? ஆறு வருஷமா ஒரு நாள் சாயங்காலம் நிம்மதியா வெளில போனதில்ல அண்ணி. ஏழரை, ஏழரைன்னு ஓடி வந்துட்டே இருக்கேன்."

பதினான்கு வருஷமாக அந்தக் கைராசியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். அவளுக்கு அது பயமாக இருக்கும் என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அவள் கையிலிருந்த வாளியை வாங்கி வைத்தேன். இரண்டு பேரும் கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்தோம்.

பிறகு கேட்டேன்: "நேத்து நீ எதையாச்சும் வேற மாதிரி செஞ்சியா?"

"இல்லையே."

"இழுப்பறைய ஏன் பாத்த?"

முந்தானையைத் திருகினாள். திட்டு வாங்கப்போகிறவர்கள் திருகுவது போல.

"திட்டக் கூடாது."

"திட்ட மாட்டேன்."

"சத்தியமா?"

"சொல்லித் தொலையேன்!"

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டீங்க" என்றாள். பிறகு சொன்னாள். இடம் மாறிய அன்று நான் குப்பையில் போடச் சொன்ன மங்கல் பிளாஸ்டிக் குப்பிகளில் மூன்று பாக்கெட்டை அவள் எடுத்து, இழுப்பறையில் கையுறை டப்பாவுக்குள் ஒளித்துவைத்திருந்தாள். பிரிக்காத பாக்கெட், முழுசாக இருந்தது, எப்படித் தூக்கிப்போட மனசு வரும்? தவிர, கண்ணாடிக் குப்பி அவளுக்குக் கையில் வழுக்குகிறது. அதனால் நான் பார்க்காதபோது பழைய குப்பியில் கலப்பாள். நான் பார்த்தால் கத்துவேன் என்று, என்னைச் சுவர் பக்கம் திரும்பச் சொன்னாள்.

"நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல அண்ணி. பதினேழு வருஷமா அதுல கலக்கறவ நான். ஒரு நாள் காலைல வந்து பாத்தா எல்லாம் குப்பைல கெடக்குது. அந்தக் கோவமும் இருந்துச்சு. மத்தபடி வேற எதையும் மாத்தல, சத்தியமா."

எழுந்து நின்றேன். மறுபடி உட்கார்ந்தேன்.

கண்ணாடிக்கும் எதிர் மின்னூட்டம் உண்டு. தவளைத் துண்டு எதிரைக் கண்டால் விடாது, போய் ஒட்டிக்கொள்ளும். அதன் குணமே அதுதான், அந்தக் குணத்துக்காகத்தான் அதைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். நான் அதை நீர்க்கக் கலந்து அரை மணி நேரம் கண்ணாடிக்குள் வைத்தேன். அது கண்ணாடிச் சுவரில் சொகுசாக ஒட்டிக்கொண்டது. நான் தட்டில் ஊற்றியது பெரும்பாலும் வெறும் தண்ணீர். அந்த மங்கல் பிளாஸ்டிக்கில் அது அவ்வளவாக ஒட்டாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். படித்திருக்கிறேன், பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறேன், புதிதாகச் சேருகிறவர்களுக்கு வருஷா வருஷம் வகுப்பில் சொல்லியும் இருக்கிறேன். எங்கள் நோட்டில் தண்ணீருக்குக் கட்டம் உண்டு, பொடிக்குக் கட்டம் உண்டு, சூட்டுக்குக் கட்டம் உண்டு. கடைசியில் வளையலுக்கும் டீக்கும்கூடக் கட்டம் போட்டேன். குப்பிக்கு மட்டும் போடவில்லை, ஏனென்றால் அது நான் வாங்கிய குப்பி.

"இப்ப திட்டப் போறீங்களா?" என்றாள் நாத்தனார்.

"ஆமா" என்றேன். "என்னைத்தான்."

வியாழக்கிழமை காலை முதல் வேலையாக அம்மாள் முன்னால் போய் நின்று, குப்பிக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். நாத்தனாரின் இழுப்பறை, என் சீர்திருத்தம், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது எல்லாவற்றையும். சராசரி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"அப்படியா" என்றார் அம்மாள். "எத்தனை குப்பி மிச்சம் இருக்கு?"

"நாப்பத்தியொண்ணு" என்றாள் நாத்தனார் உடனே.

"கொண்டாங்க. நீங்க ரெண்டு பேரும் வெளில நில்லுங்க. நானே போடறேன்."

எங்கள் இருவரையும் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தானே பொடியைக் கரைத்தார். பாதி கண்ணாடியில், பாதி மங்கலில். எது எது என்று தனக்கு மட்டும் புரிகிற குறி போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். சிவப்பு ஸ்டூல் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். டீயை முழுசாகக் குடித்தார். கதவுக் கண்ணாடி வழியாக நாங்கள் இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தோம். "பாருங்க அண்ணி, குப்பிய எப்படிப் பிடிக்கறாங்க, வழுக்கிடப் போவுது" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள். அந்த அம்மாள் ஒவ்வொரு குழியையும் விரலால் எண்ணிக்கொண்டுதான் ஊற்றினார். தட்டில் வேலை செய்து பல வருஷம் ஆகியிருக்கும்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பெட்டியைத் திறந்தார். மஞ்சள் திரவத்தை ஊற்றினார். அது நிறம் மாற மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சில்லிட்டுப்போயிருந்தது, அவள் கையா என் கையா என்று தெரியவில்லை.

தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் வைத்தார். புற்றுநோய்த் தட்டில் இடது பாதி ஊதா. வலது பாதி மஞ்சள், ஒரு குழிகூடப் பாக்கியில்லாமல் பளிச்சென்ற மஞ்சள். நல்ல செல் தட்டு முழுக்க ஊதா. அம்மாள் தன் குறிகளைச் சரிபார்த்தார். வலது பாதி மங்கல் குப்பி. எங்கள் மூன்று பேரையும் பார்த்து, அந்த வாரத்தில் முதல் முறையாக 'அப்படியா'வுக்குப் பதில் வேறு ஒரு சொல் சொன்னார்.

"அட!"

பிறகு என்னைப் பார்த்து, "இது உங்க கையும் இல்ல, அவங்க கையும் இல்ல. நான் தட்டுல மருந்து போட்டு பன்னெண்டு வருஷமாச்சு. இந்தக் கைல வந்துச்சுன்னா எந்தக் கைலயும் வரும். ஊருக்குப் போறத ஒரு நாள் தள்ளி வெச்சுக்கறேன். அதே குப்பில நீங்களும் ஒரு தட்டு போட்டுக் காட்டிடுங்க. கோப்பு மூட வேண்டியதில்ல" என்றார். சராசரி உடனே, "இன்னும் ரெண்டு தடவை போட்டு சராசரி..." என்று ஆரம்பித்தார். யாரும் காது கொடுக்கவில்லை.

என் தட்டு சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கும் மஞ்சளாகவே இருந்தது. பதிமூன்று ஊதாவுக்குப் பிறகு ஒரு மஞ்சள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன், அதை மறைக்கவும் இல்லை. அடுத்த அறிக்கையில் நாத்தனாரின் பெயரை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதினேன். அவள் செய்தது என்ன என்ற இடத்தில், 'சொன்னதைக் கேட்காமல் இருந்தது' என்று எழுத மனசு துடித்தது, எழுதவில்லை.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் மாமனார் எல்லாவற்றையும் ஆதியோடந்தமாகக் கேட்டார். மொட்டை மாடியில் அவள் சொன்னதையும் நான் சொன்னேன். அவள் என்னைக் கிள்ளினாள், இருந்தாலும் சொன்னேன்.

"அப்ப அந்த மருந்து யார் கையால போட்டாலும் வேலை செய்யும்?" என்றார்.

"யார் கையா இருந்தாலும் மாமா. குப்பி மட்டும் சரியா இருக்கணும்."

மாமனார் மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மணி ஏழு இருபத்தைந்து. அவள் பழக்கத்தில் மாத்திரை டப்பாவை எடுத்துவிட்டாள். அவளுக்குக் கஷ்டமாக இருக்குமே என்று நானும் கையை நீட்டிவிட்டேன். இரண்டு பேரும் டப்பாவின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால் நின்றோம்.

"இப்படிக் குடுங்க" என்று டப்பாவை வாங்கினார். அட்டையிலிருந்து மாத்திரையைத் தானே பிதுக்கினார். ஒன்று கீழே விழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடியது, இன்னொன்றைப் பிதுக்கினார். தண்ணீர் டம்ளரையும் அவரே எடுத்துக்கொண்டார்.

"எட்டே காலுக்குப் படம் இருக்குன்னு மாப்பிள்ளை சொன்னாரு" என்றார் மகளிடம். "ஏழு முப்பத்தெட்டுக்கு ஒரு பஸ் இருக்கு. அதை விட்டா அப்புறம் எட்டு மணிக்குத்தான். என்னத்தப் பாத்துட்டு நிக்கற? ஓடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். செருப்பைச் சரியாகக்கூட மாட்டாமல் மாடியைப் பார்த்துக் கணவரைக் கூப்பிட்டுக்கொண்டே வாசல்படி இறங்கி ஓடினாள். வாசல் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

மாமனார் மாத்திரையை விழுங்கிவிட்டுத் தன் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம் போல ஆகியிருக்கும்.

"எப்படி இருக்கு மாமா?" என்றேன்.

"பஸ்ஸப் பிடிச்சிருப்பாளா?" என்றார் அவர்.